நாலு டாலர் சேனல்

எல்க் பள்ளத்தாக்கு தொலைபேசிக் கூட்டுறவுச் சங்கம்
மினசோட்டா
ஏப்ரல் 2, 2014

திருமதி தோரா பாக்கன் அவர்களுக்கு,

தங்கள் மார்ச் 31 தேதியிட்ட கடிதம் கிடைத்தது. கேபிள், இணையம், தொலைபேசி ஆகிய மூன்று இணைப்புகளையும் உடனே துண்டிக்கும்படி கேட்டிருந்தீர்கள். தாங்களே வேலி வெட்டும் இடுக்கியைக் கொண்டு வயரை வெட்டிவிட்டபடியால் சங்கம் செய்ய வேண்டியது அதிகம் இருக்கவில்லை.

செட்டாப் பாக்ஸையும் ரிமோட்டையும் பத்து நாட்களுக்குள் அலுவலகத்தில் ஒப்படைக்கவும். தங்கள் கடிதத்தில் சங்கச் செயலாளரைக் குறிப்பிடும் ஒரு சொல் கோப்பில் வைக்கத் தக்கதாக இல்லை. அந்த வரி மட்டும் மையால் மறைக்கப்பட்டுள்ளது.

இப்படிக்கு,
ஆர்விட் ட்வைட்
செயலாளர்

பி.கு.: அக்கா, கேபிள் மேல் கோபம், சரி. ஃபோனை எதற்கு வெட்டினாய்? உன் மேட்டுக்குப் பின்னால் செல்போன் எடுக்காது என்று உனக்கே தெரியும். உன் வீட்டுக்காரர் லைலுக்கு ராத்திரியில் நெஞ்சு வலித்தால் புறாவையா அனுப்புவாய்?

---

ஏப்ரல் 6

செயலாளர் அவர்களுக்கு,

தொட்டிலில் கிடந்த உன்னைத் தூக்கிக்கொண்டு திரிந்தவளுக்கு "திருமதி தோரா பாக்கன் அவர்களுக்கு" என்று தட்டெழுத்தில் கடிதம் அனுப்புகிறாய். படித்துக் காட்டியதும் லைல் நாற்காலியில் தூக்கம் கலைந்து சிரித்தார். அவரைத் தூக்கத்திலிருந்து எழுப்பக்கூடிய ஒரே ஆள் நீதான்.

செட்டாப் பாக்ஸ் இத்துடன் வருகிறது. ரிமோட் முட்டை அட்டைப்பெட்டியில் இருக்கிறது, பத்திரமாக இருக்கட்டும் என்று வைத்தேன். கூட ஆறு முட்டையும் இருக்கின்றன. அது கோபம் தணிந்ததற்கு அடையாளம் இல்லை. கோழிகள் நிறையப் போடுகின்றன, அவ்வளவுதான்.

என் வருத்தம் உனக்குப் புரிந்த மாதிரி தெரியவில்லை, அதனால் நிதானமாக எழுதுகிறேன். இருபத்தெட்டு வருஷமாக நம் பேஸ்பால் அணியின் ஒரு ஆட்டத்தையும் நான் விட்டதில்லை. வீட்டு வேலை, பால் கறப்பது, லைலின் குறட்டை, எல்லாவற்றுக்கும் நடுவில் அதுதான் என் பொழுது. இந்த வருஷம் முதல் ஆட்டத்துக்கு உட்கார்கிறேன், திரையில் நீல எழுத்து: "விளையாட்டுச் சேனலுடன் உடன்பாடு எட்டப்படவில்லை. சிரமத்துக்கு வருந்துகிறோம்." வருந்துகிறார்களாம்! வேண்டாம் என்று ஓட்டுப் போட்ட மூன்று பேரில் ஒருவன் என் தம்பி. அதையும் நான் உன் வாயால் கேட்கவில்லை, மளிகைக் கடையில் வெண்ணெய் எடுக்கும்போது கேட்டேன். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இணையத்தில் பார்க்கலாமே என்று கடைக்காரர் சொன்னார். அங்கேயும் கதவடைப்புதான். நாம் அந்த அணிக்கு உள்ளூர்க்காரர்களாம், உள்ளூர்க்காரர்களுக்கு இணையத்தில் தடையாம். ஜப்பானில் இருப்பவன் பார்க்கலாம், நான் பார்க்கக் கூடாது.

அதனால் கொட்டகைக் கூரையில் டிஷ் மாட்டிவிட்டேன். உன் வீட்டு மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரிய வேண்டும் என்றே அந்தப் பக்கமாக மாட்டச் சொன்னேன்.

தோரா

---

ஏப்ரல் 11

அக்கா,

டிஷ் தெரிகிறது.

நம் இரண்டு வீட்டுக்கும் நடுவே அரை மைல். இந்தக் கடிதமோ தலைநகர் செயின்ட் பால் வரை போய் முத்திரை குத்திக்கொண்டு திரும்பி வருகிறது. ஃபோன் இருந்தால் இரண்டு நிமிஷத்தில் சொல்லியிருப்பேன்.

சேனல்காரர்கள் வீட்டுக்கு மாதம் நாலு டாலர் அதிகம் கேட்டார்கள். பார்க்கிறவர்களிடம் மட்டும் வாங்கித் தருகிறோம் என்றோம். அதெல்லாம் முடியாது, பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் ஆயிரத்து நானூறு வீடும் தர வேண்டும், இல்லையென்றால் சேனல் இல்லை என்றார்கள். சங்கத்தில் பாதிப் பேர் தனியாக இருக்கும் வயதானவர்கள். ஆக்னஸ் மோவுக்கு எண்பத்து நாலு வயது. அவள் வானிலையும் சர்ச் ஆராதனையும் தவிர வேறெதுவும் பார்ப்பதில்லை. நீ ஆட்டம் பார்க்க அவள் ஏன் பணம் கட்ட வேண்டும்?

நிர்வாகக் குழுவில் ஓட்டு இரண்டுக்கு இரண்டாக நின்றது. என் ஓட்டில் முடிந்தது. நேரில் வந்து சொல்லியிருக்க வேண்டும். இரண்டு தடவை உன் வீட்டு வாசல் வரை வந்து காரைத் திருப்பிக்கொண்டு போனேன். அது என் தப்பு. ஓட்டு தப்பில்லை.

முட்டை நன்றாக இருந்தது.

ஆர்விட்

---

மே 3

ஆர்விட்,

நான் உன்னோடு பேசுவதில்லை என்று முடிவு செய்து மூன்று வாரம் ஆகிறது. இன்று அந்த முடிவைத் தள்ளி வைக்கிறேன்.

நேற்று காபியோடு உட்கார்ந்து டிவியைப் போட்டேன். வழக்கமாக வர்ணனை செய்கிற பெரியவர் கூரையில் இலை அள்ளப் போய் ஏணியிலிருந்து விழுந்து முழங்காலை உடைத்துக்கொண்டாராம். இந்த வயதில் எதற்கு ஏணி? அவருக்குப் பதிலாக ஒரு பெண் பேசுகிறாள். எங்கேயோ கேட்ட குரலாக இருக்கிறதே என்று கேமரா திரும்பும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். நம் மாரென்! தலையை ஒழுங்காக வாரி, நீலக் கோட்டுப் போட்டு, கையில் மைக்குடன் நம் மாரென்! காபியை அப்படியே மடியில் கொட்டிக்கொண்டேன். லைல் என் சத்தத்தைக் கேட்டுத் தீப்பிடித்துவிட்டது என்று வாளியைத் தேடினார்.

ஜூன் 29 வரை அவள்தான் என்று சொன்னார்கள். ஆறு வருஷம் சின்ன ஊர் அணிகளின் பின்னால் பஸ்ஸில் அலைந்து, ஐம்பது பேர் கேட்கிற ரேடியோவில் கத்திக்கொண்டிருந்த பெண். ஐந்து மாநிலமும் இன்று அவள் குரலைக் கேட்கிறது. அவளைப் பெற்ற அப்பனுக்கு மட்டும் கேட்காது, ஏனென்றால் அவர் ஆக்னஸ் மோவின் நாலு டாலரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்.

சரி, அதிகம் பேச மாட்டேன். அடுத்த ஞாயிறு மதியம் ஆட்டம் இருக்கிறது. வா. லைலின் நாற்காலியை உனக்குத் தரச் சொல்லியிருக்கிறேன். ஒப்புக்கொண்டார், அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்குத் தெரியும்.

தோரா

---

மே 8

அக்கா,

மாரென் வியாழக்கிழமையே ஃபோனில் சொன்னாள். பதினோரு நிமிஷம் பேசினோம். எட்டு நிமிஷம் மழையைப் பற்றி. மீதி மூன்று நிமிஷத்தில் அவள் இந்த விஷயத்தைச் சொன்னாள், நான் "சரி, நல்லது" என்றேன். அவள் அம்மா ஜோன் உயிரோடு இருந்திருந்தால் ஃபோனைப் பிடுங்கிக்கொண்டிருப்பாள்.

ஆட்டத்தைப் பதிவு செய்து அனுப்பட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். உன் வீட்டுக்கும் வர மாட்டேன். கோபத்தினால் இல்லை. ஆயிரத்து நானூறு வீட்டுக்கு இந்தச் சேனல் வேண்டாம் என்று கையைத் தூக்கியவன் நான். அவர்களெல்லாம் நீல எழுத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, நான் மட்டும் அக்கா வீட்டு டிஷ்ஷில் போய்ப் பார்த்தால் அது நன்றாக இருக்குமா? ஓட்டை மாற்றவும் முடியாது. சொந்த மகள் வந்தவுடன் மாற்றினான் என்றுதான் ஊர் சொல்லும், அது உண்மையாகவும் இருக்கும்.

லைலுக்கு நன்றி சொல். நாற்காலி அவரிடமே இருக்கட்டும்.

அவள் டிவியில் எப்படிப் பேசுகிறாள்? இதற்குப் பதில் எழுத வேண்டும் என்று கட்டாயமில்லை. எழுதுவதானால் கொஞ்சம் விவரமாக எழுது.

ஆர்விட்

---

மே 13

ஆர்விட்,

விவரம்தானே? உட்கார்ந்துகொண்டு படி.

வேகமாகப் பேசுகிறாள், ஆனால் ஒரு வார்த்தையும் விழுங்குவதில்லை. யாராவது பந்தைத் தவறவிட்டால் திட்டுவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் முன்னாள் ஆட்டக்காரர் தன் பழைய பெருமையை ஆரம்பித்தால், "அந்தக் கதை போன வாரமும் வந்துச்சே, அப்போ நீங்க ரெண்டு ரன்தான் எடுத்தீங்க, இப்ப மூணாயிடுச்சு" என்கிறாள். அவரே சிரிக்கிறார்.

இப்போது நீ கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு நன்றாகச் சாய்ந்துகொள். சனிக்கிழமை ஐந்தாவது இன்னிங்ஸில் மழை வந்து ஆட்டம் நின்றது. நேரத்தை ஓட்ட வேண்டுமே. அப்போது சொன்னாள், நான் அப்படியே காகிதத்தில் எழுதிக்கொண்டேன்:

"எங்க அப்பா இந்த ஆட்டத்தைப் பாக்கல. ஏன் தெரியுமா? எங்க ஊர்க் கேபிள் சங்கத்துல இந்தச் சேனல் வேண்டாம்னு கடைசி ஓட்டைப் போட்டதே அவர்தான். பேரு ஆர்விட். அப்பா, நீங்க கேக்க மாட்டீங்கன்னு தெரியும், அதனால தைரியமா ஒண்ணு சொல்றேன். எட்டாவது பிறந்தநாளுக்கு நீங்க வாங்கிக் கொடுத்தீங்களே கையுறை, அது இடது கைக்காரங்களோடது. நான் வலது கை. ரெண்டு வருஷம் அதையே மாட்டிக்கிட்டு ஆடினேன், உங்க மனசு நோகக் கூடாதுன்னு."

ஐந்து மாநிலமும் சிரித்தது. மறுநாள் மைதானத்தில் ஒரு குடும்பம் "ஆர்விட், கேபிளைப் போடுங்கள்!" என்று அட்டை பிடித்துக்கொண்டு நின்றது. நேற்று மூன்று அட்டைகள். நீ இப்போது மினசோட்டாவில் பிரபலமான ஆள். அது தெரியாத ஒரே இடம் நம் பள்ளத்தாக்குதான், ஏனென்றால் இங்கே யாருக்கும் சேனல் வராது.

நீ ஓட்டை மாற்ற வேண்டாம். உன் நேர்மை உன்னிடம் இருக்கட்டும், இஸ்திரி போட்டு வைத்துக்கொள். நான் சிறப்புப் பொதுக்கூட்டம் கேட்கிறேன். பத்தில் ஒரு பங்கு உறுப்பினர் கையெழுத்துப் போட்டால் கூட்டம் நடத்தியே ஆக வேண்டும் என்று விதி இருக்கிறது இல்லையா? நூற்று நாற்பது கையெழுத்து. வீடு வீடாகப் போய் நூற்று நாற்பத்தேழு வாங்கிவிட்டேன். மனு தனி உறையில் வருகிறது, முதல் கையெழுத்து என்னுடையது. உறுப்பினர்கள் எல்லோரும் சேர்ந்து முடிவு செய்யட்டும்.

தோரா

---

எல்க் பள்ளத்தாக்கு தொலைபேசிக் கூட்டுறவுச் சங்கம்
மே 19, 2014

திருமதி தோரா பாக்கன் அவர்களுக்கு,

சிறப்புப் பொதுக்கூட்டம் கோரும் தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டு நிராகரிக்கப்படுகிறது. துணைவிதி 9-இன்படி மனுவை முன்மொழிபவர் சங்க உறுப்பினராக இருத்தல் வேண்டும். துணைவிதி 3-இன்படி சங்கத்தின் தொலைபேசி இணைப்பு உள்ளவரே உறுப்பினர். தாங்கள் மார்ச் 31 முதல் உறுப்பினர் அல்ல.

இப்படிக்கு,
ஆர்விட் ட்வைட்
செயலாளர்

பி.கு.: அக்கா, ஏதாவது சந்து கிடைக்குமா என்று விதிப்புத்தகத்தை மூன்று தடவை படித்தேன். இல்லை. 1998-இல் அந்த விதிகளை எழுதியதே நான்தான், அப்போது மிகவும் கவனமாக எழுதிவிட்டேன்.

உறுப்பினர் படிவம் உள்ளே இருக்கிறது. பெயர், முகவரி, கம்ப எண் எல்லாம் நானே நிரப்பிவிட்டேன். கையெழுத்து மட்டும் போடு. இணைப்பு கிடைத்தவுடன் மனுவை மறுபடி கொடு. பழைய கையெழுத்துகள் செல்லும் என்று தலைவர் நார்மனிடம் கேட்டு எழுதி வாங்கிவிட்டேன்.

அந்தக் கையுறையை நான் மூன்று கடை ஏறி இறங்கி வாங்கினேன்.

---

மே 23

ஆர்விட்,

என் ஓட்டை நானே என் இடுக்கியால் வெட்டியிருக்கிறேன். இந்தப் பள்ளத்தாக்கில் வேறு யாரும் செய்திருக்க முடியாத முட்டாள்தனம். லைல் "நான் அன்னிக்கே கேபிள் வயர் வேற, ஃபோன் வயர் வேறன்னு சொன்னேன்" என்கிறார். சொல்லவே இல்லை. தூங்கிக்கொண்டிருந்தார்.

படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். "இணைப்பு துண்டிக்கப்பட்டதற்குக் காரணம்" என்ற இடத்தில் நீயே "மின்னல்" என்று எழுதியிருக்கிறாய். அதை அடித்துவிட்டு "கோபம்" என்று எழுதியிருக்கிறேன். நீ ஒருவன்தான் நேர்மையானவன் என்று நினைத்துக்கொள்ளாதே.

எப்போது லைன்மேனை அனுப்புவீர்கள்?

அவள் போகும்வரை இன்னும் ஐந்து வாரம்தான், ஆர்விட். நான் எண்ணிக்கொண்டிருக்கிறேன். நீயும் எண்ணிக்கொண்டிருப்பாய் என்று எனக்குத் தெரியும்.

தோரா

---

மே 29

அக்கா,

லைன்மேன்கள் எல்லோரும் வடக்கே புதிய கேபிள் பதிக்கப் போயிருக்கிறார்கள். ஜூலை வரை ஆள் இல்லை. ஓய்வுபெற்ற ஒருவர் சம்பளமில்லாமல் செய்து தர ஒப்புக்கொண்டிருக்கிறார். முப்பத்து நாலு வருஷம் கம்பம் ஏறியவர்தான்.

ஜூன் 4, புதன், பகல் பன்னிரண்டு மணி. வேலை அரை மணி நேரம். கம்பம் உன் முன்னறை ஜன்னலுக்கு நேராக இருக்கிறது. வீட்டுக்குள் வரத் தேவையிருக்காது. காபி போட வேண்டாம்.

ஆர்விட்

---

ஜூன் 5

ஆர்விட்,

ஃபோன் அருமையாக வேலை செய்கிறது. இருந்தாலும் இதைக் கடிதத்தில்தான் எழுதுவேன். ஃபோனில் நீ "சரி, சரி, கார்ல ஏறணும்" என்று வைத்துவிடுவாய்.

புதன்கிழமை பகல் பன்னிரண்டு பத்துக்கு ஆட்டம். அந்த அட்டவணை இந்த மாவட்டத்தில் எல்லா வீட்டு ஃப்ரிட்ஜிலும் ஒட்டியிருக்கிறது, உன் வீட்டிலும் ஒட்டியிருக்கிறது, நான்தான் கிறிஸ்துமஸுக்கு அந்தக் காந்தத்தைத் தந்தேன். அதனால் "பகல் பன்னிரண்டு மணி" என்று படித்தவுடனே அந்த ஓய்வுபெற்றவர் யார், எதற்கு வருகிறார் என்று எனக்கு விளங்கிவிட்டது. ஜன்னல் கண்ணாடியைத் தூக்கிவிட்டேன். டிவியை நாலடி ஜன்னல் பக்கம் இழுத்தேன். சத்தத்தை, லைலின் அம்மா உயிரோடிருந்தபோது வைக்கிற அளவுக்கு வைத்தேன். பசுக்கள் திரும்பிப் பார்த்தன.

நீ இடுப்புப் பட்டையை மாட்டிக்கொண்டு ஏறினாய். முதலில் நன்றாகத்தான் வேலை செய்தாய். அப்புறம் மாரென் பேச ஆரம்பித்தாள். உன் கை நின்றுவிட்டது.

அரை மணி நேர வேலை, ஆர்விட். இரண்டு மணி பத்து நிமிஷம் மேலேயே இருந்தாய். ஒரே திருகாணியை முறுக்கினாய், கழற்றினாய், முறுக்கினாய். சாலையில் டிராக்டரில் போன யாரோ "என்ன ஆர்விட், பெரிய ரிப்பேரா?" என்று கத்தினார், நீ "பெருசுதான், பெருசுதான்" என்றாய். கண்ணுக்கெட்டிய தூரம்வரை வானத்தில் உன்னையும் ஒரு பருந்தையும் தவிர யாருமில்லை.

ஏழாவது இன்னிங்ஸில் நீ நெற்றியைக் கம்பத்தில் சாய்த்துக்கொண்டாய். நான் எழுந்தேன், உன்னைக் கூப்பிட. அறுபத்தோரு வயதில் இதென்ன வீம்பு, இறங்கி வந்து நாற்காலியில் உட்கார் என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். லைல் என் கையைப் பிடித்துக்கொண்டு, "விடு, தோரா" என்றார். நான் உட்கார்ந்துவிட்டேன்.

நீ இறங்கி, கையெழுத்து வாங்கிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமலே போய்விட்டாய். படிவத்தைத் தலைகீழாக நீட்டியிருந்தாய். அதற்குக் காரணம் கம்பமா, வேறு ஏதாவதா என்று நான் கேட்கப் போவதில்லை. நீயாகச் சொன்னால் கேட்டுக்கொள்வேன்.

தோரா

---

ஜூன் 9

அக்கா,

அட்டவணை தெரிந்தேதான் வந்தேன். வீட்டுக்குள் வந்தால் விதிமீறல், கம்பத்தில் இருந்தால் வேலை என்று எனக்கு நானே ஒரு வழக்கு வாதாடி ஜெயித்திருந்தேன். ஏழாவது இன்னிங்ஸில் தோற்றுவிட்டேன்.

அப்போது ஒரு புதிய பையன் பந்து எறிய வந்தானே, இருபது வயதுகூட இருக்காது, பெரிய ஆட்டத்தில் அவனுக்கு அதுதான் முதல் நாள். நீ திரையில் பார்த்தாய். நான் காதால் மட்டும் கேட்டேன். எல்லாப் பந்தும் கோணலாகப் போயிற்று. கூட்டம் முணுமுணுத்தது. பயிற்சியாளர் அவனை வெளியே அழைத்துக்கொண்டார். பக்கத்திலிருந்தவர் ஏதோ கேலியாகச் சொல்ல ஆரம்பித்தார். மாரென் குறுக்கிட்டாள்:

"ஒரு நிமிஷம். அந்தப் பையனோட அம்மா அப்பா ரெண்டு பேரும் மூணாவது வரிசையில இருக்காங்க. எழுந்து நின்னு கை தட்டறாங்க பாருங்க. கேமராவைக் கொஞ்சம் அங்கேயே வைங்க."

அப்புறம் அவள் பேசவில்லை. மெல்ல மெல்ல மைதானம் முழுக்கக் கை தட்டுகிற சத்தம் கேட்டது.

அந்தப் பையனுக்கு அன்று மோசமான நாள். அவனைப் பெற்றவர்கள் அங்கே இருந்தார்கள். என் மகளுக்கு ஒவ்வொரு நாளும் நல்ல நாள், நான் எங்கேயும் இல்லை. சங்கத்து நியாயத்தை எல்லாம் அடுக்கி வைத்துக்கொண்டு கம்பத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறேன்.

அழுதேன், அக்கா. கம்பத்தின் மேல் அழுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது, கண்ணைத் துடைக்கக் கை காலியாக இருக்காது.

உன் மனு ஏற்கப்பட்டது. கூட்டம் ஜூன் 21, சனிக்கிழமை காலை பத்து மணி, பள்ளிக்கூட உள்ளரங்கில். ஓட்டு விஷயத்தில் நான் மாறவில்லை. ஆக்னஸ் மோவின் நாலு டாலர் இன்னும் ஆக்னஸ் மோவுடையதுதான். ஆனால் என்ன செய்தேன் என்பதை அங்கே எழுந்து சொல்லப் போகிறேன்.

ஆர்விட்

---

ஜூன் 13

ஆர்விட்,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கிண்டல் செய்ய எதையாவது தேடினேன், ஒன்றும் கிடைக்கவில்லை. எனக்குக் காய்ச்சலோ என்று லைல் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

கூட்டத்துக்கு வந்து உனக்கு எதிராகப் பலமாகப் பேசுவேன். முடிந்ததும் உன்னைக் கட்டிக்கொள்வேன். இரண்டுக்கும் தயாராக வா.

தோரா

---

ஜூன் 22

அக்கா,

நேற்றுக் காலை ஏழு மணிக்கு நீ ஃபோன் செய்து, வெட்டிப் போட்ட புல் தரையில் கிடக்கிறது, மதியம் மழை வரும் என்கிறார்கள், கட்டி உள்ளே ஏற்றாமல் வர முடியாது என்று சொன்னபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது. நூற்று நாற்பத்தேழு கையெழுத்து வாங்கி, உறுப்பினர் கட்டணம் பத்து டாலர் கட்டி, கம்பத்தில் ஆள் ஏற்றி வாங்கிய ஓட்டு, புல்லோடு போயிற்று. மழையும் வரவில்லை. நடந்ததை ஒன்று விடாமல் எழுதுகிறேன். நடவடிக்கைக் குறிப்பில் பாதிதான் இருக்கும், மீதியை அதில் எழுத முடியாது.

நானூற்றுப் பத்துப் பேர் வந்திருந்தார்கள். வந்தவர்களுக்குக் காலை உணவாக அப்பம் சுடும் கல் இரண்டும் போதவில்லை. நார்மன் கூட்டத்தை ஆரம்பித்தவுடனே நான் எழுந்தேன். எழுதி வைத்திருந்த தாளைச் சட்டைப்பையில் தேடினேன், வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். அதனால் நேராகச் சொல்லிவிட்டேன். "இந்தச் சேனல் வேண்டாம்னு ஓட்டுப் போட்டவன் நான். அதுல பேசறது என் மகள். உங்க யாருக்கும் கிடைக்காததை நான் எங்க அக்கா வீட்டுக் கம்பத்துல உக்காந்து ரெண்டு மணி நேரம் கேட்டேன். சங்கத்து வேலைன்னு சொல்லிக்கிட்டுக் கேட்டேன். செயலாளரா இருக்க எனக்குத் தகுதி இல்ல. வேற ஆளைப் பாத்துக்குங்க."

நார்மன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்ப மாட்டிக்கொண்டார். அப்புறம் கேட்டார்: "அது கெடக்கட்டும் ஆர்விட். பொண்ணு எப்படிப் பேசறா?"

நான் "மோசமில்ல" என்றேன்.

உனக்குத்தான் தெரியுமே, நம் ஊரில் அதற்கு மேல் பாராட்டுக் கிடையாது. அப்பாவின் இறுதிச் சடங்கில் போதகர் அவரைப் பற்றி அதைத்தான் சொன்னார். எல்லோரும் நாற்காலியைத் தட்டினார்கள். சிலர் எழுந்து நின்றார்கள். எனக்கு உட்கார்வதா நிற்பதா என்று தெரியவில்லை, பாதி உட்கார்ந்த மாதிரி நின்றுகொண்டிருந்தேன்.

அப்புறம் ஓட்டெடுப்பு. நாலு டாலருக்கு ஆதரவு நூற்றுப் பதினெட்டு. எதிர்ப்பு இருநூற்றுத் தொண்ணூற்று இரண்டு. நீ வந்திருந்தாலும் மாறியிருக்காது, மனதைத் தேற்றிக்கொள். விருப்பப்பட்டவர்கள் மட்டும் கட்டுகிறோம் என்று சேனலுக்கு மறுபடி எழுதச் சொல்லித் தீர்மானம் போட்டார்கள். இன்றே எழுதிவிட்டேன். ஆமாம், நான்தான் எழுதினேன். ராஜினாமாவை ஏற்கிறவர்கள் கை தூக்குங்கள் என்று நார்மன் கேட்டபோது ஒரு கையும் எழவில்லை. அந்த வேலைக்கு வேறு யாரும் வர மாட்டார்கள் என்பதுதான் உண்மையான காரணம் என்று நினைக்கிறேன்.

இதற்கப்புறம் ஆக்னஸ் மோ எழுந்தாள். கைத்தடியால் தரையை இரண்டு தட்டுத் தட்டி, "எனக்குப் பந்தும் தெரியாது, மட்டையும் தெரியாது. வேண்டாம்னுதான் ஓட்டுப் போட்டேன், நாளைக்குக் கேட்டாலும் வேண்டாம்னுதான் போடுவேன்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவள் என் பக்கம் திரும்பினாள். "ஆனா ஆர்விட், இத்தன நாள் நீ வேண்டாம்னு சொன்னதால எங்களுக்கு இல்ல. இப்ப நாங்களே வேண்டாம்னு சொல்லிட்டோம். இனிமே உனக்கு என்னப்பா கஷ்டம்? பொண்ணு பேசறதப் போய்ப் பாரேன்யா. கம்பத்துல ஏறி விழுந்து வச்சா அதுக்கும் சங்கம்தான் பணம் கட்டணும்."

அக்கா, இரண்டரை மாதமாக நான் எனக்குள்ளேயே வாதாடிக்கொண்டிருந்ததை அந்தக் கிழவி அப்பத்தை மென்றுகொண்டே ஒரு நிமிஷத்தில் தீர்த்துவிட்டாள். நான் அவளுடைய நாலு டாலரைப் பாதுகாத்தேன். எனக்கு ஒரு மகள் இருக்கிறாள் என்பதை அவள்தான் ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது.

அடுத்த ஞாயிறு ஜூன் 29, மாரெனின் கடைசி ஆட்டம். பன்னிரண்டரைக்கு வருகிறேன். இந்தத் தடவை கம்பத்துக்கு இல்லை, கதவுக்கு. தனியாகவும் வரவில்லை. கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது நார்மன் தன் நாற்காலியைத் தானே எடுத்து வருவதாகச் சொன்னார், அதைக் கேட்டு இன்னும் ஆறு கார் கிளம்புகிறது. ஆக்னஸ் என் வண்டியில் முன் சீட்டில். ஆட்டம் புரியாவிட்டாலும் குரல் புரியும் என்கிறாள். லைலின் நாற்காலியில் அவள் உட்காரட்டும். காபி நிறையப் போடு.

கடைசியாக ஒன்று. மாரெனைக் கூப்பிட இன்று காலையிலிருந்து நாலு தடவை ஃபோனைக் கையில் எடுத்தேன். எண்ணை அழுத்துவேன், மணி அடிப்பதற்குள் வைத்துவிடுவேன். மறுபடி மழையைப் பற்றித்தான் பேசப் போகிறேன் என்று பயமாக இருக்கிறது. நீதான் மாரெனுக்குச் சொல்ல வேண்டும், அக்கா. ஞாயிற்றுக்கிழமை அவள் பேச உட்காருமுன் சொல்லிவிடு, அப்பா பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று.

ஆர்விட்